கண்டிக்கு என்று சொன்னார்கள்

ஒரு ரயில் நிலையத்தை மூடுவதற்கு ஒழுங்கான நடைமுறை இருக்கிறது. முதலில் நிலைய அதிபரை இடம் மாற்றிவிட்டுப் பதிலுக்கு ஆள் அனுப்பக்கூடாது. அடுத்ததாகப் பொதி ஏற்றுவதை நிறுத்திவிட்டு, பொதிகள் வருவதில்லை என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். பிறகு வண்டிகளை அங்கே நிற்கவிடாமல் ஓட்டிவிட்டு, பயணிகள் குறைந்துவிட்டார்கள் என்று இன்னொரு குறிப்பு. கடைசியில், யாரும் ஏறி இறங்காத இடத்துக்குப் பெயர்ப்பலகை எதற்கு என்று ஒருவர் கேட்பார். அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும். ரயில்வேத் திணைக்களத்தில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த நடைமுறையின் எல்லாப் படிகளையும் தட்டச்சில் அடித்திருக்கிறேன். எங்கள் நிலையத்தின் கோப்பு மட்டும் என் மேசைக்கு வரவில்லை. அது திணைக்களம் எனக்குச் செய்த ஒரே உபகாரம்.

கம்பளைப் பக்கமிருந்து பேராதனைக்கு இறங்கும் பாதையில் அந்த நிலையம் இன்றும் நிற்கிறது. கூரை இல்லை. பயணச்சீட்டு ஜன்னலுக்குள் அத்திமரம் முளைத்திருக்கிறது. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் வண்டிக் கதவில் தொங்கிக்கொண்டு அதைப் படமெடுக்கிறார்கள். போன மாதம் ஓர் இளைஞன் ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்கு வந்தான். கைவிடப்பட்ட நிலையங்களின் வரலாற்றைத் தொகுக்கிறானாம். தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காகக் கட்டியது, மனிதர்கள் ஏறியது தற்செயல் என்று சொன்னேன். மகிழ்ச்சியாகப் பதிந்துகொண்டான். பிறகு, "அந்தக் காலத்துல சனங்க இங்கேருந்து பெரும்பாலும் எங்க போவாங்க, மேடம்?" என்று கேட்டான்.

"கண்டிக்கு" என்றேன்.

அதையும் பதிந்துகொண்டான். வாயில் வந்த சொல்லைக் கேட்டுத் திடுக்கிட்டது நான்தான்.

எங்கள் பக்கத்தில் ரயிலைக் கோச்சி என்போம். அப்பா அந்த நிலையத்தில் போர்ட்டர். சிறிய நிலையமாதலால் சுமை தூக்குவதோடு அவர் வேலை முடிவதில்லை. கைகாட்டி விளக்கேற்றுவது, மணியடிப்பது, அடுத்த நிலையம்வரை ஒற்றைப் பாதையில் போக அனுமதியாகச் சாரதியிடம் ஒரு வளையத்தை நீட்டுவது எல்லாம் அவர்தான். மேடைக்குப் பின்னால் குவாட்டர்ஸ். அதன் பின்னால் மலை, மலையெல்லாம் தேயிலை, தேயிலைக்கு நடுவில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான மேட்டு லயம். கோச்சி வந்தால் எங்கள் அலுமாரிக் கண்ணாடி நடுங்கும்.

எனக்குக் கோச்சியில் பயமில்லை. அதன் பின்பெட்டிகளில்தான் பயம்.

இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுத் தலைவர்களும் கையெழுத்திட்டு, தோட்டத்துச் சனங்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்திருந்த காலம் அது. வாரத்தில் ஒரு நாள், மத்தியானம் கீழிறங்கும் கோச்சியின் வாலில் மன்னாருக்குப் போகும் பெட்டிகளைக் கோத்திருப்பார்கள். அங்கிருந்து கப்பல். அந்தக் கோச்சிக்குத் தோட்டத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அது வரும் நாளில் மலையிலிருந்து கும்பலாக இறங்கி வருவார்கள். போகிறவர்களை அடையாளம் காண்பது எனக்குச் சுலபம். கழுத்தில் செவ்வந்தி மாலை இருக்கும். மடிப்புக் கலையாத புதுத்துணி இருக்கும். புதிய ட்ரங்கு ஒன்று இருக்கும். அதன் மூடியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பெயரும், அதன் கீழே 'மண்டபம்' என்றும் எழுதியிருக்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம், வந்து சேர்ந்தவர்களை இறக்கிவைக்கும் முகாம் இருந்த ஊரின் பெயர் அது என்று பின்னாளில் அறிந்தேன். அன்று மண்டபம் என்றால் எனக்குத் தூண்கள் நிறைந்த, விளக்கில்லாத ஒரு பெரிய கட்டடம். வாராவாரம் போகிறவர்கள் எல்லோரும் அதற்குள்ளே ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து நின்று ஒப்பாரி வைப்பார்கள். உடனே நிலைய அதிபர் ஜன்னலைச் சாத்திவிடுவார். நல்ல மனிதர், சிங்களவர், எனக்குத் தோடம்பழம் தருபவர். மேடையில் துப்புவதற்கு எதிராக விதி உண்டு, மாடு மேய்ப்பதற்கு எதிராக விதி உண்டு, அழுவதைப் பற்றி ஒன்றுமில்லை. விதியில்லாத விஷயத்தை அதிகாரி பார்க்காமலிருப்பதே உத்தமம். சேவைக்காலம் முழுவதும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

பெரியவர்கள் அழுவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளும் அழத் தொடங்கும். அப்போது தாய்மார் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்வார்கள்: "அழாதடா. கண்டிக்குப் போறோம், பெரஹரா பாக்க. யானையெல்லாம் வரும்." பிள்ளை அடங்கிவிடும். எல்லா வாரமும், எல்லாத் தாய்மாரும், அதே வாக்கியம். இந்தியா என்றால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. கண்டி என்றால் பெரஹரா ஊர்வலத்து யானை தெரியும்.

அப்படிக் கண்டிக்குப் போன பிள்ளைகளில் ஒருவரும் திரும்பி வந்து யானையைப் பற்றி என்னிடம் சொன்னதில்லை. போனவர்களின் நாய்கள் மட்டும் மேடையில் மிஞ்சின. கோச்சியின் பின்னால் பாதைவழியே ஓடிக் களைத்துத் திரும்பி வந்து, மேடையின் இறக்கத்துக்குக் கீழே படுத்துக்கொண்டன. எந்தக் கோச்சி வந்தாலும் எழுந்து நின்று இறங்குகிறவர்களை முகர்ந்து பார்க்கும். பிறகு படுத்துவிடும். கண்டி என்றால் என்ன என்பது அந்த நாய்களுக்கும் எனக்கும் தெரிந்திருந்தது.

அம்மாவுக்குக் கழுத்தில் கழலை இருந்தது. பிலாக்கொட்டை அளவு இருந்தது மெதுவாக வளர்ந்து, விழுங்கக் கஷ்டப்படும் நிலைக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி அப்பாவும் அம்மாவும் குசினியில் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். 'வெட்டணும்' என்ற சொல் ஒருமுறை காதில் விழுந்தது. நான் உள்ளே போனதும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அன்றிரவு அம்மா மாதா படத்தின் முன்னால் வழக்கத்தைவிட நீளமாகச் செபம் சொன்னாள். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா என்னை மடியில் இருத்தி, என் தலையைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மா கண்டிக்குப் போறா, பாப்பா. கொஞ்ச நாள்ல வந்துருவா."

நான் அழவில்லை. அழுதால் யானையைப் பற்றிச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

மறுநாள் பின்னேரம் மேட்டு லயத்து அத்தை ஒரு ட்ரங்கைத் தலையில் சுமந்து இறங்கி வந்தாள். அவள் எங்களுக்கு இரத்த உறவில்லை. கொழுந்து பறிக்கிறவள். அவள் வீட்டில் சாமி வேறு, எங்கள் வீட்டில் சாமி வேறு. ஆனாலும் அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் மயினி என்பார்கள், அப்பாவை அவள் அண்ணே என்பாள். தோட்டத்தில் ஒப்பாரி வைக்க அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் குரலெடுத்தால் மற்றவர்கள் தாமாகவே பின்பாட்டுக்கு இறங்கிவிடுவார்கள்.

"கண்டி ஆஸ்பத்திரிக்குச் சாக்குப் பையோடயா போவீங்க? நர்ஸ் மிஸ்ஸிமாரு உள்ள விட மாட்டாளுக. இதுல வச்சுக் கொண்டு போங்க, மயினி."

"புதுசு போல இருக்கே, மயினி."

"புதுசுதான். ஒங்க கைராசி பட்டு வரட்டும்."

அம்மா ட்ரங்கின் மூடியைப் பார்த்தாள். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அம்மா தேத்தண்ணீர் ஊற்றினாள். அத்தை ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தேன். முதல் வரியில் ஓர் ஆணின் பெயர். அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது. அத்தையின் புருஷனை நாங்கள் கட்டை மாமா என்றே அழைத்தோம். அவருக்கு வேறு பெயர் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இரண்டாவது வரியைக் கூட்டினேன். ம, ண், ட, ப, ம்.

அதன்பிறகு சோறு இறங்கவில்லை. எனக்கும் கழலை வந்துவிட்டதோ என்று கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அப்பா வேலைக்குப் போயிருந்தபோது கரண்டிக் காம்பால் அந்தப் பெயின்டைச் சுரண்டினேன். நல்ல பெயின்ட். 'ம்' என்பதன் புள்ளி மட்டும் உதிர்ந்தது. பொட்டில்லாமல் அது இன்னும் பயங்கரமாகத் தெரிந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "அடுத்தவங்க சாமான், பாப்பா" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும்.

அம்மா புறப்பட்ட நாள், ஆஸ்பத்திரியில் சொன்ன தேதிக்கு முந்திய நாள். அது ஒப்பாரிக் கோச்சியின் நாளாகவும் அமைந்துவிட்டது. நடைமுறை தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பமில்லை. கண்டிக்குப் போகிறவர்கள் பேராதனைச் சந்தியில் இறங்கி வேறு கோச்சிக்கு மாற வேண்டும். மன்னாருக்குப் போகிறவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும். முன்பெட்டியில் ஏறினாலென்ன, பின்பெட்டியில் ஏறினாலென்ன, சந்திவரை ஒரே கோச்சிதான். இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

கீழ் லயத்திலிருந்து அன்று ஒரு குடும்பம் போகிறது. மேடை நிறையச் சனம். அம்மா கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அப்பா ட்ரங்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுக் கைகாட்டி இறக்கப் போனார். அத்தையும் வேலைத் தலத்திலிருந்து கூடையோடே வந்திருந்தாள்.

கீழ் லயத்துப் பெண்ணொருத்தி ட்ரங்கைப் பார்த்தாள். மூடியில் இருந்த எழுத்தின் வடிவத்தைப் பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வடிவம் அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"ஆத்தே! போர்ட்டரு சம்சாரம்! ஒங்களுக்குமா எழுதி வந்துருச்சு?"

அம்மாவுக்குக் குரல் கம்மியிருந்த காலம். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. வட்டம் கூடிவிட்டது. நான் அதன் நடுவில், சேலைகளுக்குள் மாட்டிக்கொண்டேன். எங்கும் கொழுந்து வாசனையும் வியர்வையும். மூச்சு முட்டியது.

அத்தைக்கு உண்மை தெரியும். ட்ரங்கு கொடுத்தவளே அவள்தான். அவள் ஒரு சொல் சொன்னால் எல்லாம் நின்றுவிடும் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அத்தை கூடையை இறக்கி வைத்தாள். அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். பிறகு குரலெடுத்தாள்.

"போறவளக் கோச்சி அறியும், போற எடம் யாரறிவா..."

அவ்வளவுதான். எனக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் போயிற்று. உண்மை தெரிந்தவளே ஒப்பாரி வைக்கிறாள்.

அப்பா வளையத்தைத் தோளில் மாட்டியபடி தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"உசுரோட ஆஸ்பத்திரிக்குப் போறவளுக்கு ஒப்பாரியா? அறிவிருக்கா ஒங்களுக்கு! தங்கச்சி, நீயுமா? ஏய், நீயாவது நிப்பாட்டச் சொல்லு!"

கடைசி வாக்கியம் அம்மாவுக்கு. அம்மா அத்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அழட்டும், விடுங்க" என்றாள்.

கோச்சி வந்துவிட்டது. அப்பா சாரதியிடம் ஓட வேண்டியிருந்தது. வளையம் கை மாறாமல் கோச்சி நகராது. மனைவி மேடையில் எந்தப் பக்கம் போனாலும் போர்ட்டர் நிற்கவேண்டிய இடம் என்ஜினுக்குப் பக்கத்தில். சனம் பழகிய வழியில் நகர்ந்தது. பழகிய வழி பின்பெட்டிக்குத்தான். இரண்டு பேர் ட்ரங்கைத் தூக்கி உள்ளே கொடுத்தார்கள். நாலைந்து கைகள் அம்மாவை ஏற்றிவிட்டன. என்ஜின் பக்கமிருந்து அப்பா, "முன்னுக்கு! முன்னுக்குப் போகச் சொல்லுங்க!" என்று கத்தியது ஒப்பாரிக்குள் அமுங்கிப்போயிற்று.

கார்ட் பச்சைக் கொடியைக் காட்டினார். ஜன்னலில் அம்மாவின் கழுத்துத் துணி தெரிந்தது. கையை ஆட்டினாள். சிரித்தாள்கூட.

நாய்கள் ஓடின. நானும் ஓடினேன்.

மேடையின் இறக்கம் முடிகிற இடத்தில் அப்பா என்னைப் பிடித்துத் தூக்கினார். அவர் கையைக் கடித்தேன்.

"அம்மா மண்டபத்துக்குப் போறா! மன்னார்க் கோச்சியில ஏத்திட்டாங்க!"

"இல்ல பாப்பா. பேராதனையில எறங்கி மாறிக்குவா. எதுல ஏறினாலும் ஒண்ணுதான்."

"பொய்! அதுல ஏறினவங்க ஆரு எறங்கியிருக்கா?"

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு நேரே நிலைய அதிபரின் அறைக்குப் போனார். அதிபர் ஜன்னலைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியின் கைப்பிடியைச் சுழற்றிப் பேராதனையைக் கூப்பிட்டார். கட்டுப்பாட்டுத் தொலைபேசியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவது விதிநூலில் எந்தப் பந்தியின் கீழ்க் குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பதெல்லாம் எனக்கு இன்று மனப்பாடம். அவர் எனக்காக அந்தக் குற்றத்தைச் செய்தார். கழுத்தில் துணி சுற்றிய பெண்ணைப் பின்பெட்டியிலிருந்து இறக்கிக் கண்டிக் கோச்சியில் ஏற்றும்படி சொன்னாராம். அவர் பேசியது சிங்களம். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே சொல், மன்னாரம, அதாவது மன்னார். அதைக் கேட்டதும் அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இவரும் சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிந்திய நாட்களை நான் நாய்களோடு கழித்தேன். ஒவ்வொரு கோச்சிக்கும் அவை எழுந்தபோது நானும் எழுந்தேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கண்டிக்குப் போவதாகச் சொல்லிப் போவார். இருட்டுவதற்குள் திரும்பி வருவார். சிறுபிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்களாம்.

"அம்மாவப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"பேச ஏலாது பாப்பா. தொண்டையில கட்டுப் போட்டிருக்கு."

பேசாமல் நிற்கிறார்கள். மண்டபத்தைப் பற்றி நான் நினைத்திருந்தது சரியாகிவிட்டது. அப்பா அந்தத் தூண்களுக்கு நடுவே போய், கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடிப் பார்த்துவிட்டுத் தனியே திரும்புகிறார் என்று புரிந்துகொண்டேன். அவர் கொண்டுவந்த மாவு பிஸ்கட்டை நாய்களுக்குப் போட்டேன். அவை முகர்ந்துவிட்டுத் தின்றன. எனக்கு அவற்றின் மேல் கோபம் வந்தது.

ஒரு சாயங்காலம் மேலேறும் கோச்சி வந்தது. நாய்கள் எழுந்தன. நடுப்பெட்டி ஒன்றிலிருந்து முதலில் ட்ரங்கு இறங்கியது. பொட்டில்லாத மண்டபம். அதன் பின்னால் அம்மா இறங்கினாள். கழுத்தில் வெள்ளைக் கட்டு, முகம் மெலிந்து, கண்கள் பெரிதாகி இருந்தன. நான் ஓடவில்லை. ஒரு நாய் போய் அவள் காலை முகர்ந்து பார்த்து வாலை ஆட்டிய பிறகுதான் போனேன்.

"எங்கம்மா போனீங்க?"

"கண்டிக்கு" என்று காற்றைப் போலச் சொன்னாள்.

பயம் போன வேகத்தை நினைத்தால் இன்றும் ஆச்சரியம். கண்டி உண்மையிலேயே இருக்கிறது. பின்பெட்டியில் ஏறினாலும் பேராதனையில் இறங்கி மாறினால் அங்கே போகலாம். போனவர்கள் கொஞ்ச நாளில் வருவார்கள், மெலிந்து, ஆனால் வருவார்கள். இதை நாய்களுக்கும் சொன்னேன்.

அடுத்த நாள் அத்தை வந்தாள். அம்மாவின் தழும்பைத் தொட்டுப் பார்த்து, "கைராசி பட்டிருச்சு மயினி" என்று சிரித்தாள். அம்மா ட்ரங்கைத் துடைத்து வைத்திருந்தாள். கொடுக்க மனமில்லாதவள்போல அதன்மேல் கையை வைத்தபடி, "இங்கயே கெடக்கட்டுமே. என்ன அவசரம்?" என்றாள்.

"அவசரம் எனக்கில்ல, மயினி" என்றாள் அத்தை.

மாதங்கள் போயின. அம்மாவின் குரல் பழையபடி வந்துவிட்டது. வெயிலடித்த ஒரு நாள், நான் கைகாட்டிக் கம்பத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தபோது, "பாப்பா, சாப்பிட வா!" என்று கூப்பிட்டாள். மேட்டு லயம் வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அவசரமாகச் சோற்றை ஊட்டிவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு, என்னை மேடைக்குக் கூட்டிப்போனாள்.

அத்தை நின்றாள். செவ்வந்தி மாலை. பக்கத்தில் கட்டை மாமா புதுச் சட்டையில், யாரோ ஒருவரைப் போல. காலடியில் அந்த ட்ரங்கு. இடுப்பில் இருந்த மகன் சிணுங்கினான். அத்தை அவன் கன்னத்தைத் துடைத்து, "அழாதடா. கண்டிக்குப் போறோம், பெரஹரா பாக்க" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பயணத்தைப் பற்றி அங்கே என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் யார்? அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தை, பின்பெட்டியில ஏறினாப் பரவாயில்ல. பேராதனையில மறக்காம எறங்கி மாறிக்கங்க. எங்கம்மாவும் அப்பிடித்தான் போயிட்டு வந்தாங்க."

அத்தை குனிந்து என் தலையில் கையை வைத்தாள்.

"சரி தாயி. மாறிக்கிறேன்" என்றாள்.

அன்று மேடை அமைதியாக இருந்தது. சனம் இருந்தது, வட்டமும் கூடியது. ஆனால் குரலெடுக்கிறவள் மாலையோடு நின்றாள். வேறு யாருக்கும் தொடங்கத் தெரியவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது அம்மா முன்னால் போய் அத்தையைக் கட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் ஒப்பாரி வைக்கும் பழக்கமில்லை. இருந்தாலும் அத்தையின் தோளில் தலையைச் சாய்த்து, அத்தை செய்ததைப் போலவே முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. கோச்சி வந்து, ஏற்றி, கார்ட் கொடி காட்டி, பின்பெட்டி வளைவில் மறையும்வரை அவள் வாய் அப்படியே திறந்திருந்தது.

தொண்டைப் புண் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.